மீதி 11649

பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. இந்த எண்ணை வைத்து ஒரு மனிதருக்கு நான் செய்ததை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து நான்கு முறை எழுந்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். வாசல் கேட்டைப் போய்ப் பார்த்தேன். மாடிக்குப் போய்த் துணிகளை எடுத்து வந்தேன். "இன்னும் ஈரமா இருக்கே மாமா" என்று மருமகள் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டாள்.

நான் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்தியவன். வீடு அப்போது விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். அதே பெட்டியில் இன்னும் இரண்டு பேர் நிரந்தரம். ஒருவர் கருவூலத்தில் கிளார்க், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். இன்னொருவர் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகும் விற்பனைக் கூடத்தில் மூட்டைகளை எடை போடுபவர். அந்த இடத்தை ஊரில் கமிட்டி என்பார்கள்; அதனால் அவர் எங்களுக்குக் கமிட்டிக்காரர். பத்தாவது வரை படித்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். என்னைவிட ஐந்து வயது இளையவர்.

ஒருநாள் அவருடைய எடை மெஷினில் 111.11 என்று வந்ததாம். அதிலிருந்து அவருக்கு ஒன்றுகளின் மேல் பைத்தியம் பிடித்தது.

"சார், மூணு ஒண்ணு போட்டா மூணால போவுது. நாலு போட்டா பதினொண்ணால போவுது. அஞ்சு போட்டா இன்னா ஆவுதுன்னு நாலு நாளா போட்டுக்கினு இருந்தேன். நாப்பத்தொண்ணால போவுது சார்!"

ஆறு ஒன்றுகள் சுலபம் என்றும் அவரே கண்டுபிடித்திருந்தார். ஆறை இரண்டு இரண்டாகப் பிரிக்கலாம், அதனால் 11 வகுக்கும். மூன்று மூன்றாகப் பிரிக்கலாம், அதனால் 111 வகுக்கும். ஒன்றுகளின் எண்ணிக்கையைப் பங்கு போட முடிந்தால் எண்ணையும் பங்கு போட முடியும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. என் வகுப்பில் எம்.எஸ்ஸி. படித்தவர்களில் எத்தனை பேர் தானாக இதைச் சொல்லியிருப்பார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப ஏழு ஒண்ணு சார்?" என்றார்.

ரயில் விக்கிரவாண்டியில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியில் பத்துப் பேராவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூறு வரை உள்ள பகா எண்களை எப்போதோ போட்டுப் பார்த்த ஞாபகம் எனக்கு. எதுவும் போகவில்லை. "அது பகா எண். எதாலயும் போகாது" என்றேன், கையை வீசி.

மறுநாள் காலை அவர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். முகத்தில் கர்வம் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்பவர் போல, "சார், இருநூத்தி முப்பத்தொம்போது போட்டுப் பாத்தீங்களா?" என்றார்.

போனது. 239 முறை 4649, ஏழு ஒன்றுகள்.

கருவூலக்காரர் விடுவாரா? "இன்னா சார், எம்.ஃபில்லு முடிச்சிட்டு மூட்டை தூக்கற எடத்துல அவுட் ஆயிட்டீங்களே!" என்றார். பெட்டியே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த ரயிலில் பெயர் இருநூத்தி முப்பத்தொம்போது. "டூ தர்ட்டி நைன் வர்றாரு, எடம் வுடுங்கப்பா." சுருக்கமாக "முப்பத்தொம்போது." நானும் சிரித்தேன். கமிட்டிக்காரர் மட்டும் அந்தப் பெயரால் என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எட்டு, ஒன்பது, பத்து ஒன்றுகள் பங்கு போடக்கூடியவை. அவற்றில் வேலை இல்லை. அடுத்தது பதினொன்று. அதற்கு அவர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தார்.

"போன்ல போட்டா ஒரு செகண்டுல வந்துடும்" என்றேன்.

"வந்துடும் சார். அப்புறம் எனக்கு இன்னா வேலை?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். விடை உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிடாதீங்க. ஆனா கழிக்கும்போது நான் எங்கயாவது தப்பு வுட்டா அதை மட்டும் காட்டிக் குடுங்க. நான் படிக்காதவன், கை தவறும்" என்றார்.

இதுதான் எங்கள் ஒப்பந்தம். கல்லூரி நூலகத்துப் புத்தகத்திலிருந்து பகா எண்களின் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இந்த எண்ணுக்கு 105409 வரை போட்டுப் பார்த்தால் போதும், அதற்குள் எதுவும் போகாவிட்டால் பகா எண் என்று முடிவு செய்யலாம். அந்த எல்லைக்குள் பகா எண்கள் பத்தாயிரத்துக்கும் கொஞ்சம் மேல். அவர் ஒரு நாளைக்கு மூன்று போடுவார். காலை ரயிலில் ஒன்று, மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒன்று, மாலை ரயிலில் ஒன்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை நோட்டை என்னிடம் தருவார். ஒவ்வொரு வகுத்தலுக்கும் நான் சிவப்புப் பேனாவால் டிக் போட்டுத் திருப்பித் தர வேண்டும்.

நோட்டை வாங்கிய முதல் வாரத்திலேயே வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன். 21649 முறை 513239. இரண்டுமே பகா எண்கள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். பதினோரு ஒன்றுகளை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணாக இருந்தாலும், அதை 22ஆல் வகுத்தால் மீதி ஒன்றுதான் வரும். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பத்துக்கு ஒன்பது எண்களை அவர் தொடாமலே தள்ளியிருக்கலாம். மூன்று மாதத்தில் 21649க்கு வந்து சேர்ந்திருப்பார். இது விடை இல்லை, வழிதான். சொன்னால் ஒப்பந்தம் கெடாது. நான் சொல்லவில்லை. ஜன்னலோரம் குனிந்து அவர் 17, 19, 23 என்று ஒவ்வொன்றாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

21649க்கு முன்னால் எதுவும் போகாது என்று எனக்குத்தான் தெரியுமே. அதனால் நோட்டில் எந்த வரியையும் நான் சரி பார்க்கவில்லை. டிவி பார்த்துக்கொண்டே பக்கம் பக்கமாக டிக் போட்டேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பட்டியலில் அவர் இருபதாயிரத்தைத் தாண்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு காலையும் அவர் பெட்டியில் ஏறும் முகத்தைப் பார்ப்பேன். இன்றைக்கா? கண்டுபிடித்தால் கத்துவார். கருவூலக்காரர் ஒரு மாலை வாங்கி வந்தாலும் வருவார். "முப்பத்தொம்போதுக்கு அண்ணன் வந்துட்டாம்பா" என்பார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது எழுந்து கதவருகே போய் நின்றுவிடுவேன். அவர் நோட்டை மூடி வைத்தால் நிம்மதி, திறந்தால் திரும்பவும் அதே.

பிறகு அந்த மாதச் சனிக்கிழமை வந்தது. நோட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போய் நேராகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது அங்கே இருந்தது. கீழே மீதி 11649 என்று எழுதியிருந்தார்.

மேலிருந்து போட்டுப் பார்த்தேன். ஐந்து, ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு இலக்கமும் சரி. அடுத்து 51741லிருந்து 43298ஐக் கழிக்க வேண்டும். 8443 வர வேண்டும். அவர் 8343 என்று எழுதியிருந்தார். ரயில் ஆடியிருக்கலாம். அந்த நூறு கீழே இறங்கிப் பத்தாயிரமாக ஆகி, பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 11649 வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நோட்டுகளில் நான் உண்மையாகச் சரி பார்த்த ஒரே கணக்கு அதுதான். பார்த்து, தப்பு என்று தெரிந்து, பக்கத்தில் சிவப்பு டிக் போட்டேன். கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தபோது, "ஏதாவது தப்பு இருந்ததா சார்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல. நல்லாப் போடறீங்க" என்றேன்.

அடுத்த மாதம் நான் ஓய்வு பெற்றேன். மகன் திண்டிவனத்தில் வீடு கட்டியிருந்ததால் இங்கே வந்துவிட்டோம். அதன்பிறகும் முதல் சனிக்கிழமை தவறாமல் கமிட்டிக்காரர் வீட்டுக்கு வந்தார். கொரோனாவில் ரயில் நின்றபோது மட்டும் நோட்டுகள் சேர்ந்து, பிறகு மொத்தமாக ஒரு கட்டைப்பையில் வந்தன. அவரும் ஓய்வு பெற்றார். பஸ்ஸில் வந்தார். எனக்கு அவரோடு பத்து நிமிடம் உட்காருவதே முடியாத காரியமாகிவிட்டது. டீ வரவில்லையே என்று உள்ளே போவேன், மின்விசிறியைக் கூட்டுவேன், குறைப்பேன். "சாருக்கு உடம்பு சரியில்லியா?" என்று என் மனைவியிடம் கேட்டாராம்.

ஏழு வருடம் இப்படிப் போயிற்று. போகாது என்று எனக்குத் தெரிந்த எண்களால் அவர் வகுத்துக்கொண்டே இருந்தார். நான் பார்க்காமலே டிக் போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவர் கடைசி நோட்டோடு ஒரு பத்திரிகையும் கொண்டு வந்தார். விழுப்புரத்தில் கட்டிய வீட்டுக்குக் கிரகப்பிரவேசம்.

"இன்னும் பன்னெண்டு எண்ணுதான் சார் பாக்கி. விசேஷத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றார். "வாசல்ல பேர் போட கிரானைட்டு சொல்லியிருக்கேன். பேரு இன்னா தெரியுமா? பதினோரு ஒண்ணு! கீழ 'பகா எண்'ணுன்னு ஒரு வரி. கல்லு வெட்டறவன் இன்னாங்க இது, ஜன்னல் கம்பியான்றான்."

"வீட்டில ஒண்ணும் சொல்லலையா?"

"பொண்ணு ஒரே பேஜாரு. எல்லாரும் அன்னை இல்லம்னு வெப்பாங்க, நீ கரண்ட் பில்லு நம்பர் மாதிரி வெக்கிறியேன்றா" என்று சிரித்தார். பிறகு, "திறப்பு நீங்கதான் சார் செய்யணும். ஒம்போது வருசமா டிக் போட்டிருக்கீங்க" என்றார்.

அவர் போன பிறகு நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அந்தக் கல்லைப் பார்க்கிற எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் போனை எடுத்துத் தட்டினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எனக்குப் பெட்டியில் கிடைத்தது போல ஒரு பெயர் அவருக்குத் தெருவில் கிடைக்கும். என்னுடையது நான் ஓய்வு பெற்றதோடு போயிற்று. அவருடையது கிரானைட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை விழுப்புரம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டியில் இறங்கி, ஒரு டீ குடித்து, எதிர்ப்பக்கம் போய்த் திண்டிவனம் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை விழுப்புரம் வரை போய், பஸ் நிலையத்திலேயே சுற்றிவிட்டு வந்தேன். புதன்கிழமை வழியில் முன்னால் போன லாரிகளின் எண்களை எல்லாம் 22ஆல் வகுத்து மீதி பார்த்துக்கொண்டே போனேன். அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது மணி பதினொன்று.

புது வீட்டின் முன் அறையில் பெயின்ட் வாடை. தரையில் உட்கார்ந்து நோட்டை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க! இன்னும் ரெண்டே ரெண்டு" என்றார். அவர் மகள் நாற்காலி கொண்டு வந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

"இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதை எடுங்கள்" என்றேன்.

"அது எப்பவோ ஆயிட்டுதே சார்."

"எடுத்து இன்னொரு தடவை போடுங்கள்."

பழைய நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். தேடி எடுத்தார். பழைய கணக்கைப் பார்க்காமல் ஒரு பத்திரிகையின் பின்பக்கத்தில் புதிதாகப் போட்டார். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். ஐந்து. ஒன்று. மூன்று. இரண்டு. கழித்தார். 8443. அடுத்து மூன்று. கடைசியில் 194841. ஒன்பது போட்டுப் பெருக்கினார். மேலேயும் கீழேயும் ஒரே எண் இருந்தது. அவர் கழிக்கவில்லை. பேனாவை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நோட்டைப் பக்கத்தில் இழுத்து, விரலை வைத்துக்கொண்டே இறங்கி, 8343இல் நிறுத்தினார். "இங்க" என்றார். அவர் விரலுக்குப் பக்கத்தில் என் டிக் இருந்தது.

"இதை நீங்க எப்ப பாத்தீங்க சார்?"

"அன்றைக்கே."

"அன்னிக்கேன்னா?"

"டிக் போடுவதற்கு முன்னால்."

மகள்தான் முதலில் பேசினாள். "ஏன் சார்? எங்கப்பா உங்களுக்கு இன்னா பண்ணிச்சு?"

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். 239, ரயிலில் கிடைத்த பெயர், கம்ப்யூட்டர், 22ஆல் வகுக்கும் வழி. வழியைச் சொன்னபோதுதான் அவருக்கு முகம் மாறியது. பட்டியலை எடுத்து நாலைந்து எண்களை 22ஆல் வகுத்துப் பார்த்தார். "பத்துல ஒண்ணுதான் நிக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இத சொல்லியிருக்கலாமே சார். இது எவ்ளோ அழகா இருக்குது."

திட்டியிருந்தால் நின்று கேட்டிருப்பேன். இதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் விடையின் மேல் விரலை வைத்து, "அப்ப இந்த இன்னொண்ணு, 513239. இது பகா எண்ணா?" என்றார்.

"ஆமாம். அதற்கு நீங்கள் தனியாக ஒன்றும் போட வேண்டாம். அதை ஏதாவது வகுத்தால் அது பதினோரு ஒன்றையும் வகுக்கும். 21649க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும்தான் நீங்கள் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டீர்களே. எதுவும் போகவில்லை."

"போட்டுப் பாத்தேன். கரெக்டா போட்டேனான்னு எப்படித் தெரியும்? உங்க டிக்குதான் இருக்கு." என்னைப் பார்த்தார். "அதெல்லாம் பாத்துத்தான போட்டீங்க?"

"இல்லை" என்றேன்.

அவர் நோட்டுகளின் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். 513239க்கு எழுநூற்றுப் பதினாறு வரை போட்டால் போதும் என்று அவரே கண்டுபிடித்து, பட்டியலில் பேனாவால் எண்ணினார். நூற்று இருபத்தேழு பகா எண்கள்.

"விசேஷத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்குது. ஒரு நாளைக்குப் பதிமூணு போட்டா முடிஞ்சிடும். அதுக்கு அப்புறம்தான் கல்லுல கீழ் வரி" என்றார்.

"நான் உட்கார்ந்து சரி பார்க்கிறேன். ஒவ்வொன்றாக. தினமும் வருகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

"வேணாம் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பொண்ணு பாக்கும்."

கிரகப்பிரவேசத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் மனைவி விடவில்லை. கல்லைத் திறக்கச் சொல்லி என்னை யாரும் கூப்பிடவில்லை, மகள் திறந்தாள். பதினோரு ஒன்றுகள். கீழே சின்னதாக 21649 × 513239. கருவூலக்காரர் நரைத்த மீசையோடு வந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தலுக்குப் போகிற வழியில் கல் முன்னால் நின்று உரக்கச் சொன்னார்: "பகா எண்ணுன்னு போடப் போறதா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியேப்பா! கடைசில நம்ம முப்பத்தொம்போது சாருதான் தப்பைப் புடிச்சிக் குடுத்தாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கமிட்டிக்காரர், "அதெல்லாம் இல்ல. கழிக்கும்போது என் கைதான் தவறிப்போச்சு. நானே பாத்துட்டேன்" என்றார். "ஜல்தியா வாங்க, பந்தி ஆரம்பிச்சிட்டாங்க."

"பதினோரு வருசம் டிக் போட்டவரு பாக்கலியா?"

"ஒம்போது வருசம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனார். எனக்கும் அவரே இலை போட்டார், அவரே பரிமாறினார்.

கிளம்பும்போது, அந்த ஒரு நோட்டை மட்டும் என்னிடம் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார். டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டுச் சரியான மீதியை எழுதித் தருகிறேன் என்றேன்.

"இருக்கட்டும் சார். அது அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

கழித்தலில் கை தவறியது கமிட்டிக்காரருடைய தப்பு என்று கருவூலக்காரர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்று பந்தலில் நூறு பேர் அதைக் கேட்டார்கள். நான் இலை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் சனிக்கிழமைகளில் இப்போது யாரும் வருவதில்லை. ஆனாலும் அன்று காலையில் கேட்டைத் திறந்து வைத்துவிடுகிறேன். அந்த நோட்டில் நான் எழுத முடியாததால் இங்கே எழுதுகிறேன். 21649ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். எனக்கு அது முதல் வாரத்திலேயே தெரியும்.